பெயர்த்தெழுதும் வேலை

எழுத்தாளன் எதைக் கொண்டு எழுதுகிறான் என்பது விமரிசகனுக்கு வேண்டாத விஷயம் என்று நம்மிடையே ஒரு கட்சி உண்டு. பேனா எதுவாயிருந்தால் என்ன, கதை நன்றாயிருக்கிறதா இல்லையா என்று பார்த்தால் போதாதா என்று கேட்பார்கள். கேள்வி நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் இதே கட்சிக்காரர்கள் பழைய நூல்களைப் பற்றிப் பேச்சு வந்தால், ஓலையில் எழுதியதால் செய்யுள் சுருங்கி நின்றது என்றும், அச்சு வந்ததால் வசனம் பெருகியது என்றும், வாரப் பத்திரிகை வந்ததால் தொடர்கதை என்ற உருவம் பிறந்தது என்றும் தயங்காமல் சொல்வார்கள். பாட்டனாருக்குப் பொருந்துகிற நியாயம் பேரனுக்குப் பொருந்தாமல் போகுமா? இன்று தமிழில் நாவல் எழுதுகிறவர்களில் எனக்குத் தெரிந்த பலர் லாப்டாப்பில் எழுதுகிறார்கள். அந்தப் பெட்டி அவர்களுடைய எழுத்தை என்ன செய்கிறது என்று கேட்பது விமரிசனத்தின் வேலைதான் என்பது என் அபிப்பிராயம்.

மடிக்கணினி என்று அதற்குத் தமிழில் பெயர். 2011-ல் தமிழ்நாட்டு அரசாங்கம் மாணவர்களுக்கு விலையில்லாமல் கொடுக்க ஆரம்பித்ததிலிருந்து அந்தப் பெயர் வீட்டுப் பேச்சிலும் ஏறிவிட்டது. என்னுடையது ஒன்பது வருஷமும் மேஜைமேல்தான் இருந்தது. ஒரு நாளும் மடிக்கு வந்ததில்லை. இந்த வருஷம் அது செத்துப்போயிற்று. பொத்தானை அழுத்தினால் சின்ன விளக்கு எரியும், விசிறி ஒரு பெருமூச்சு விடும், திரை கறுப்பாகவே இருக்கும். சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையில் கொண்டுபோய் வைத்தேன். பையன் பின்பக்கத்தைக் கழற்றிப் பார்த்தான். "போர்டு போயிடுச்சு சார். டிஸ்க் நல்லாத்தான் இருக்கு. கழட்டி ஒரு கேசிங்ல போட்டுத் தரேன். புதுசுல சொருகி எடுத்துக்குங்க" என்றான்.

வைத்தியம் பார்த்துப் பிழைக்கவைக்கலாம்தான். ஆனால் அதில் ஓடிக்கொண்டிருந்த விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு வழக்கமான பராமரிப்பை நிறுத்திவிட்டார்கள். அடுத்த பதிப்பை ஏற்றுக்கொள்ளும் தகுதி பழைய யந்திரத்துக்கு இல்லை. யந்திரம் சாவது ஒரு விதம். யந்திரத்தைச் செத்ததாக அறிவிப்பது இன்னொரு விதம். என்னுடையதற்கு இரண்டும் நேர்ந்தன. ஆகவே புதியது வாங்கினேன். ஒரு சீட்டுக்கட்டு அளவு டப்பாவில் என் இருபத்தைந்து வருஷத்து எழுத்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தது.

புது யந்திரத்தைத் திறந்ததும் அது பேச ஆரம்பிக்கிறது. நான் கதை எழுதுகிறவன். யார் பேசினாலும், சொல்கிற ஆள் யார் என்றுதான் முதலில் பார்ப்பேன். இது 'நாங்கள்' என்ற தோரணையில் பேசுகிறது. உங்களுக்காக எல்லாவற்றையும் தயார் செய்துகொண்டிருக்கிறோம், சில நிமிஷம் ஆகும், அணைத்துவிடாதீர்கள் என்கிறது. இங்கிலீஷில் இதைப் படிக்கும்போது உறுத்துவதில்லை. அந்த மொழியில் கேட்பவனையும் சேர்த்துக்கொள்கிற பன்மைக்கும், அவனை வெளியே நிறுத்திவிட்டுச் சொல்கிற பன்மைக்கும் ஒரே சொல்தான். கம்பெனிக்காரன் அந்தச் சொல்லுக்குள் வசதியாக ஒளிந்துகொள்ளலாம். தமிழில் அது முடியாது. 'நாம்' என்றால் நானும் உள்ளே இருக்கிறேன். 'நாங்கள்' என்றால் நான் வாசலில் நிற்கிறேன். மனசுக்குள் அந்த வாக்கியங்களைத் தமிழாக்கிப் பார்த்தவுடனேயே விளங்கிவிட்டது: என் மேஜைமேல், என் பணத்தில் வாங்கிய யந்திரத்தில், நான் வாசலில் நிற்கிறேன்.

பிறகு அது ஒவ்வொன்றாகக் கேட்கிறது. கணக்கு இருக்கிறதா, முகத்தைக் காட்டுகிறீர்களா, இருக்குமிடத்தைச் சொல்லலாமா. இதெல்லாம் யார் வீட்டிலும் நடப்பது, விட்டுவிடலாம். என்னை நிறுத்தியது வேறொரு கேள்வி. பழைய கணினியில் இருந்தவற்றை, 'க்ளவுட்' என்று அவர்கள் சொல்லும் எங்கோ உள்ள கிடங்கிலிருந்து, எல்லாவற்றையும் அப்படியே கொண்டுவந்துவிடட்டுமா என்று கேட்டது. எல்லாவற்றையும், அப்படியே. இந்த இரண்டு சொற்களைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

நம் முன்னோருக்கு 'அப்படியே' என்ற வசதி கிடையாது. நம் ஊர்ச் சீதோஷ்ணத்தில் ஓலை சில நூறு வருஷம் தாங்கினால் அதிகம். செல் அரிக்கும், பூச்சி துளைக்கும், ஓரம் ஒடியும். ஏடு சாவதற்கு முன் யாராவது ஒருவர் உட்கார்ந்து, எழுத்தாணியைப் பிடித்து, அதைப் புது ஓலையில் பெயர்த்தெழுத வேண்டும். அப்படிப் பெயர்த்தெழுதிய பிறகு பழைய ஏட்டை ஆடிப்பெருக்கில் ஆற்றோடு விடுவது வழக்கம். காலக்கிரமத்தில் பெயர்த்தெழுதுகிற பழக்கம் போய், ஆற்றில் விடுகிற பழக்கம் மட்டும் மிஞ்சிற்று. சாமிநாதையர் ஏடு தேடி அலைந்த காலத்தில் அவர் காதில் விழுந்த செய்திகள் இந்த மாதிரி. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் இருந்த ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் போட்டுவிட்டார்கள் என்று அவருக்குச் சொன்னார்கள். சாஸ்திரப்படி செய்ததாகவும் சொன்னார்கள்.

பெயர்த்தெழுதுகிறவன் வெறும் யந்திரமல்ல என்பதுதான் இதில் முக்கியமான விஷயம். அவன் படித்துக்கொண்டே எழுதுகிறான். புரியாத இடத்தில் தனக்குப் புரிந்த சொல்லைப் போடுகிறான். சலித்துப்போன இடத்தில் ஒரு வரியைத் தாண்டிவிடுகிறான். தனக்குத் தெரிந்த பாட்டு ஒன்றைச் சேர்த்தாலும் சேர்ப்பான். பாடபேதம் என்று நாம் சொல்வது இப்படிப் பிறந்தது. அதற்கு மேல் ஓலையின் எழுத்தே சிக்கல். புள்ளி இராது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் ஒரே கொம்பு. காலும் ரகரமும் பார்வைக்கு ஒன்று. ஆகவே ஒவ்வொரு சொல்லிலும் படிக்கிறவன் ஒரு தீர்மானத்துக்கு வர வேண்டும். 1887-ல் வெளிவந்த சீவக சிந்தாமணிப் பதிப்பு அத்தகைய பல்லாயிரம் தீர்மானங்களால் ஆனது. இந்தக் காலத்துத் தமிழ் விமரிசனம் எங்கே ஆரம்பிக்கிறது என்று என்னைக் கேட்டால், ரசனைக் கட்டுரைகளைக் காட்டமாட்டேன். அந்தப் பதிப்பைக் காட்டுவேன்.

அந்தக் காலம் போய்விட்டது, கணினியில் எழுதியது எழுதியபடி இருக்கும் என்று நினைக்கிறவர்கள் 2005-க்கு முன்னால் தமிழில் கணினியில் எழுதாதவர்களாக இருக்க வேண்டும். டப்பாவை யந்திரத்தில் சொருகி, என் முதல் தொகுதிக் கதைகள் இருந்த உறையைத் திறந்தேன். தமிழ் என்ற சொல் இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ, பிறகு ஓர் அரைப்புள்ளி நின்றது. பக்கம் பக்கமாக இப்படி. பாமினி என்ற எழுத்துருவில் அடித்த கதைகள் அவை. அந்த எழுத்துருவின் தந்திரம் எளிமையானது. உள்ளே இருப்பது இங்கிலீஷ் எழுத்துத்தான். மேலே போர்த்தியிருக்கிற சட்டைதான் தமிழ். புது யந்திரத்தில் அந்தச் சட்டை இல்லை. ஆகவே நான் எழுதிய கதை தன் நிர்வாணத்தில் நின்றது, எந்த பாஷையிலும் சேராமல்.

அப்போது ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு சட்டை. திஸ்கி என்று ஒன்று. 1999-ல் சென்னையில் நடந்த மாநாட்டை ஒட்டி அரசாங்கம் ஏற்றுக்கொண்ட தாம், தாப் என்று இரண்டு. பத்திரிகை ஆபீஸுக்கு ஒன்று, அச்சாபீஸுக்கு ஒன்று. யூனிகோடில் தமிழுக்கு 1991-லேயே இடம் கொடுத்தாகிவிட்டது என்றாலும், நாம் எல்லாரும் அங்கே குடியேறப் பதினைந்து வருஷத்துக்கு மேல் பிடித்தது. அந்த இடைக்காலத்தில்தான் எத்தனையோ சிறுபத்திரிகைகள் வந்தன, நின்றன. அவற்றின் அச்சுப்பிரதி யாரிடமாவது இருந்தால் உண்டு. பேஜ்மேக்கரில் கோத்த மூலம் எந்தப் பழைய குறுந்தகட்டில் எந்தப் பரணில் கிடக்கிறதோ! காகிதத்தில் அச்சான 1935-ஆம் வருஷத்து மணிக்கொடியை இன்று நூலகத்தில் எடுத்துப் படிக்கலாம். 1999-ல் ஒருவர் கணினியில் அடித்து, அச்சாகாமல் விட்ட கதையைப் படிக்க முடியுமா என்பது சந்தேகம். பெட்டி புதுசாக ஆக ஆக எழுத்தின் ஆயுசு குறைந்திருக்கிறது.

மாற்றித் தரும் கருவிகள் இருக்கின்றன. நல்லவர்கள் செய்து இலவசமாகக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு பக்கத்தில் பழையதைப் போட்டால் மறுபக்கத்தில் யூனிகோடு வந்து விழும். முதல் கதையைப் போட்டேன். வந்தது. படித்தேன். 'வெளியே' என்று வரும் இடமெல்லாம் முதலெழுத்து ஔகாரமாகி, 'வௌியே' என்று திரிந்திருந்தது. 'வெள்ளம்' 'வௌ்ளம்' ஆகியிருந்தது. காரணம், பழைய எழுத்துருவில் ஔகாரக் குறியின் பின்பாதிக்கும் ளகரத்துக்கும் ஒரே உருவம், ஒரே விசை. கொம்புக்குப் பின் வகரமும் அதற்குப் பின் அந்த உருவமும் வந்தால், அது 'வெள'வா, 'வௌ'வா என்று யந்திரத்துக்கு எப்படித் தெரியும்? ஓலையில் காலா ரகரமா என்று சாமிநாதையர் விழித்த அதே இடத்தில் நான் 2026-ல் விழித்துக்கொண்டிருந்தேன். ஒரே வித்தியாசம், மூலத்தை எழுதியவனும் நானே. என் கதைக்கு நானே பாடபேதம் பார்த்தேன்.

இந்தக் காரியத்துக்கு ஒரு மாதம் பிடித்தது. எல்லாவற்றையும் அப்படியே என்று சொல்லியிருந்தால் அரை மணியில் முடிந்திருக்கும். ஆனால் அந்த ஒரு மாதத்தில்தான், நான் எழுதியவற்றை வரிசையாக, எழுதியவனாக இல்லாமல் பெயர்த்தெழுதுகிறவனாகப் படித்தேன். எந்தக் கதையைத் திருத்தி எடுக்க மனம் வந்தது, எதைத் திருத்தக் கை எழவில்லை என்பதே ஒரு விமரிசனம். பரிசு வாங்கிய கதை ஒன்றில் ஐந்தாவது 'வௌியே' வந்ததும் மூடிவிட்டேன். யாரும் கவனிக்காத ஒரு சின்னக் கதைக்காக இரண்டு ராத்திரி உட்கார்ந்தேன்.

நான் சொல்ல வருவது இவ்வளவுதான். பெயர்த்தெழுதுகிற சிரமம் இருந்தவரை இலக்கியத்துக்கு ஒரு வாசற்காவல் இருந்தது. காவற்காரன் மூடனாகவும் இருந்திருக்கலாம். நல்லதைத் தீயில் போட்டு, கெட்டதை எடுத்து வைத்திருக்கலாம். ஆனால் ஒவ்வொரு தலைமுறையிலும் யாரோ ஒருவர் ஒவ்வொரு வரியையும் படித்தார். இன்று எதையும் யாரும் படிக்காமல் எல்லாவற்றையும் பெயர்க்கிறோம். அதன் பலனை நம் நாவல்களில் பார்க்கலாம்.

எழுதுகிற யந்திரம் புதிதாக வரும்போதெல்லாம் இந்தக் கேள்வி எழுந்திருக்கிறது. சொல் செயலியில் எழுதிய முதல் நாவல் என்று பலர் சொல்வது லென் டெய்டனின் 'பாம்பர்', 1970-ல் வந்தது. ஐபிஎம் கம்பெனியின் அந்த யந்திரம் கிட்டத்தட்ட தொண்ணூறு கிலோ. அவருடைய லண்டன் வீட்டு ஜன்னலைப் பெயர்த்தெடுத்து, உள்ளே தூக்கி வைத்தார்கள். அவர் அதை நன்றாகவே பயன்படுத்திக்கொண்டார். ஓர் இரவு விமானத் தாக்குதலைப் பல பாத்திரங்கள் வழியாகச் சொல்கிற நாவல் அது. துண்டுகளை மாற்றி மாற்றிக் கோக்க வேண்டிய வேலை. யந்திரத்தின் குணமும் கதையின் தேவையும் பொருந்தின. டெய்டனின் உதாரணத்தை மட்டும் வைத்துக்கொண்டு பேசுகிறவர்கள் லாப்டாப்பைப் புகழ்ந்து முடித்துவிடுவார்கள்.

எனக்கு ரால்ஃப் எல்லிசன்தான் நினைவுக்கு வருகிறார். 1952-ல் 'இன்விஸிபிள் மேன்' என்ற ஒரே நாவலால் அமெரிக்க இலக்கியத்தில் நிலைபெற்றவர். இரண்டாவது நாவலை எழுதிக்கொண்டே நாற்பது வருஷம் கழித்தார். 1967-ல் அவருடைய கோடைக்கால வீடு தீப்பிடித்ததில் கையெழுத்துப் பிரதியில் ஒரு பகுதி போயிற்று. 1980-களில் ஆஸ்போர்ன் என்ற கணினியை வாங்கி, அதில் அதே நாவலைத் தொடர்ந்தார். 1994-ல் காலமானபோது நாவல் முடியவில்லை. அவருக்குப் பின் ஒரு பகுதி 1999-ல் 'ஜூன்டீன்த்' என்று வந்தது. 2010-ல் பதிப்பாசிரியர்கள் இருந்தவற்றை ஆயிரத்துக்கு மேற்பட்ட பக்கங்களில் வெளியிட்டார்கள். ஒரே காட்சி, மீண்டும் மீண்டும், கொஞ்சம் கொஞ்சம் மாறி. படிக்கிறவனுக்கு ஒரு பெரிய கலைஞன் ஒரே அறையில் நாற்காலிகளை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருப்பது போல இருக்கிறது. தீ அவருடைய நாவலைத் தடுத்தது என்று சொல்வார்கள். கார்லைலுக்கும் தீதான் நேர்ந்தது. 1835-ல் பிரெஞ்சுப் புரட்சி நூலின் முதல் பாகத்தை ஸ்டூவர்ட் மில்லிடம் படிக்கக் கொடுத்தார்; அந்த வீட்டில் அது எரிந்துபோயிற்று. குறிப்புகள் கூட இல்லாமல் மறுபடி எழுதினார். 1837-ல் புஸ்தகம் வந்துவிட்டது. கார்லைலிடம் இருந்தது வெறும் காகிதம், ஒன்றுமில்லாத காகிதம். எல்லிசனிடம் எதையும் அழிக்க வேண்டாத யந்திரம் இருந்தது. இரண்டு மனிதர்களின் சுபாவம் வேறு, கால நிர்ப்பந்தங்கள் வேறு என்பதையெல்லாம் ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும், முடிக்கத் தயங்குகிற மனசுக்கு, எந்தப் பிரதியும் கடைசிப் பிரதி இல்லை என்று சொல்லிக்கொண்டே இருக்கிற பெட்டி நல்ல துணை அல்ல.

என் டப்பாவிலும் எழுதி முடியாத நாவல் ஒன்று பதினொரு பிரதிகளாக இருந்தது. 'கடைசி', 'கடைசி 2', 'மெய்யாகவே கடைசி', அதற்கு அடுத்த தேதியிட்ட 'புதிது'. எழுதுகிற நண்பர்கள் வீட்டில் போய்ப் பார்த்தாலும் இந்தப் பெயர்களில்தான் இருக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன்.

நம்மவர்கள் எழுதுவதற்கு வருகிறேன். சமீபத்து நாவல்களில் யந்திரம் செய்த இடங்களை இப்போது என்னால் சுட்டிக்காட்ட முடிகிறது. ஒரு பாரா, நாற்பதாம் பக்கத்திலும் இருக்கலாம், இருநூறாம் பக்கத்திலும் இருக்கலாம் என்ற மாதிரி நிற்கும். வெட்டி ஒட்டியதன் அடையாளம் அது. ஊர் வர்ணனை இரண்டு தரம் வரும், இரண்டு தரமும் முதல் தரம் போல. நல்ல பெயருள்ள ஒருவரின் நாவலை அச்சுக்கு முன் படித்துப் பார்க்கச் சொன்னார்கள். கதாநாயகனுக்கு முதலில் மணி என்று பெயர் வைத்திருக்கிறார். பிறகு மனசு மாறிச் சேகர் என்று ஆக்கியிருக்கிறார். எல்லா இடத்திலும் மாற்று என்று யந்திரத்துக்கு ஒரே உத்தரவு. அது உண்மையான வேலைக்காரன். கோயிலில் ஆறு சேகர் அடித்தது. தாத்தாவின் கழுத்தில் உருத்திராக்ஷ சேகர் தொங்கிற்று. நான் சிரித்தேன், ஆனால் சிரித்து முடித்த பிறகு வேறொன்று தோன்றியது. மணி என்கிறவன் சேகர் ஆவதற்கு ஒரே நொடி போதுமானால், அவன் மணியாகவும் இருந்ததில்லை, சேகராகவும் இல்லை. கையால் எழுதிய காலத்தில் முந்நூறு இடத்தில் அடித்துத் திருத்த வேண்டியிருந்திருக்கும். ஐம்பதாவது இடத்தில் அந்தப் பாத்திரம் எழுந்து, எனக்குப் பழைய பெயரே இருக்கட்டும் என்று சொல்லியிருக்கும்.

லாப்டாப் வேண்டாம் என்பது என் கட்சி அல்ல. அதில்தான் இதையும் எழுதுகிறேன். கெட்டவற்றைச் சொன்னவன் நல்லதையும் சொல்ல வேண்டும். புது யந்திரத்தில் தமிழ்99 விசைப்பலகை கூடவே வருகிறது. முன்போல எங்கிருந்தோ இறக்கிப் பொருத்த வேண்டியதில்லை. அந்த விசைப்பலகையை அமைத்தவர்களை நான் நல்ல இலக்கணக்காரர்கள் என்று சொல்வேன். உயிரெல்லாம் இடக்கைக்கு, மெய் பெரும்பாலும் வலக்கைக்கு. ககரத்தை இரண்டு தரம் தட்டினால் முதலதற்குப் புள்ளி தானே விழுகிறது. நகரத்துக்குப் பின் தகரம் வந்தால் இனம் அறிந்து புள்ளி வைக்கிறது. எங்கே புள்ளி வரும் என்று மொழி அறிந்திருப்பதை விரலும் அறிந்துகொள்கிறது. எழுத்துருவில் மட்டும் ஒரு சிறு சங்கடம். முன்பு வழக்கமாக வந்த லதா இப்போது கேட்டு வாங்கிப் போட்டால்தான் வருகிறது. நிர்மலா என்று வேறொன்றைக் கொடுத்திருக்கிறார்கள். அச்சுக்குத் தயாராயிருந்த என் நாவலின் பக்கக் கணக்கு ஒரே இரவில் கலைந்துபோயிற்று.

ஆகவே யந்திரத்தை வெறுக்க வேண்டியதில்லை. அதற்குள் இருப்பது யாருடையது, யார் திறக்கலாம் என்ற கேள்விதான் பாக்கி. ஸல்மான் ருஷ்டியின் காகிதங்களை 2006-ல் அமெரிக்காவில் எமரி பல்கலைக்கழகம் பெற்றபோது, அவருடைய பழைய ஆப்பிள் கணினிகளும் சேர்ந்து வந்தன. 2010 முதல் ஆராய்ச்சிக்காரர்கள் அவருடைய பழைய கணினி இருந்த தோற்றத்திலேயே திரையில் அதைத் திறந்து பார்க்கும்படி செய்தார்கள். டெர்ரி ப்ராட்செட்டின் விருப்பம் நேர்மாறு. முடிக்காத எழுத்துக்கள் இருந்த அவருடைய டிஸ்க்கை, அவர் இறந்து இரண்டு வருஷம் கழித்து, 2017 ஆகஸ்டில், அவர் கேட்டுக்கொண்டபடி ஒரு நீராவி ரோலரை ஏற்றி நசுக்கினார்கள். எனக்கு இரண்டும் சம்மதம். ஒருவர் எடுத்து வைக்கச் சொன்னார், மற்றவர் ஆற்றில் விடச் சொன்னார். இருவரும் தீர்மானித்தார்கள். நம்மிடையே நடப்பது மூன்றாவது விதம்.

தஞ்சை ஜில்லாவில் ஒரு மூத்த எழுத்தாளர் இருந்தார். பெயர் வேண்டாம், குடும்பத்தார் விரும்பமாட்டார்கள். எழுதியது முப்பது கதைகளுக்குள்தான். கடைசியாக எழுதியது ஒரு மடப்பள்ளிக்காரரைப் பற்றிய கதை. ஓய்வு பெற்று, நகரத்தில் மகன் வீட்டுக்கு வருகிறார். வைத்தியர் உத்தரவுப்படி மருமகள் உப்புக் குறைத்துச் சமைக்கிறாள். ஒரு நாள் அவளுக்கு உடம்புக்கு முடியவில்லை, அவர் சமைக்கிறார். ஐம்பது வருஷம் படையலுக்கு முன் ருசி பார்க்காமல் சமைத்தவர். இலையில் பரிமாறிவிட்டு, "உப்பு சரியா இருக்காம்மா?" என்று கேட்கிறார். அவள் கவளத்தை எடுக்கிறாள். கதை அங்கே முடிகிறது. அச்சாவதற்கு இரண்டு மாதம் முன்னால் மின்னஞ்சலில் அவர் எனக்கு அனுப்பிய பிரதியில் அப்படித்தான் இருந்தது.

பத்திரிகையில் வந்தபோது இன்னும் நாலு வரி இருந்தது. "சரியா இருக்கு மாமா" என்று சொல்கிறாள், கண்ணில் நீர் முட்டுகிறது, அவர் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறார். நாலு வரியும் மோசமில்லை. அவை இருந்தால் அது ஒரு நல்ல பத்திரிகைக் கதை. இல்லாவிட்டால், தமிழில் தெய்வத்தையும் மனிதரையும் பற்றி எழுதிய சிறந்த கதைகளில் ஒன்று. இத்தனை காலம் அவருக்குப் பதில் சொல்லாத ஒருவருக்குச் சமைத்தார். இன்று பதில் சொல்லக்கூடிய ஒருத்திக்கு முன் நிற்கிறார். பதில் வந்துவிட்டால் அந்த நிற்றல் போய்விடுகிறது. நாலு வரியை எழுதியது அவரா, பத்திரிகை ஆபீஸில் யாராவதா? அவரே என்றால், மனசு மாறியா, கேட்டுக்கொண்டதற்காகவா? பத்திரிகையில் கேட்டேன், அப்போதிருந்தவர் இப்போது இல்லை. அவருடைய லாப்டாப்பில் பிரதிகள் இருந்திருக்கும், தேதியோடு.

மகனிடம் கேட்டேன். "அப்பா போனப்புறம் அதைத் திறக்கவே முடியலை மாமா. நாற்பத்தெட்டு நம்பர் என்னமோ கேட்டுது. யாருக்குத் தெரியும்? சும்மாக் கிடக்குதேன்னு எக்ஸ்சேஞ்சுல கொடுத்துட்டோம்" என்றான். அவனைக் குறை சொல்வதற்கில்லை. இப்போது வரும் யந்திரங்கள் பல, கேட்காமலேயே டிஸ்க்கைப் பூட்டிக்கொள்கின்றன. திருடன் கையில் போனால் நல்லதுதான். மீட்புச் சாவி நாற்பத்தெட்டு இலக்கம். சொந்தக்காரரின் கணக்குக்குள் எங்கோ இருக்கும். அந்தக் கணக்கைத் திறக்கிற கடவுச்சொல் அவரோடு போயிற்று. கரிவலம்வந்தநல்லூரில் நெய்யாவது வார்த்தார்கள்.

அந்தத் தொகுதிக்கு இரண்டாம் பதிப்பு வரப்போகிறது. என்னை முன்னுரை கேட்டிருக்கிறார்கள். இரண்டு முடிவையும் போடுங்கள், முதலில் என்னிடம் இருப்பது, பின்னால் பத்திரிகையில் வந்தது, எது எங்கிருந்து வந்தது என்ற குறிப்போடு, என்று எழுதியிருக்கிறேன். ஒரு கதைக்கு இரண்டு முடிவு போட்டால் வாசகர் குழம்புவார்கள் என்று பதிப்பாளர் தயங்குகிறார். ஒரு முடிவுதான் என்றால் எது என்று என்னையே தீர்மானிக்கச் சொல்கிறார். மின்னஞ்சலில் வந்த பிரதியை மூன்று தாளில் அச்செடுத்து, தேதி தெரியும்படி, அவருக்குத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.